தலைவலி, மரத்த விரல், எரியாத அடுப்பு: பனிமலை நடையில் எந்தச் சிக்கலுக்கு எதை முதலில் பார்ப்பது

சில ஆண்டுகளாகக் குளிர்காலத்தில் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு உத்தராகண்ட் பக்கம் பனிமலை நடைக்குப் போய் வருகிறேன். நடுவில் நேபாளமும் போனதுண்டு. ஒவ்வொரு முறையும் ஆட்கள் மாறுகிறார்கள், சிக்கல்கள் மட்டும் அதேதான். முதல் இரவு ஒருவருக்குத் தலை வலிக்கும், இரண்டாம் இரவு ஒருவர் குளிரில் தூங்க மாட்டார், மூன்றாம் நாள் ஒருவருக்கு விரல் மரத்துப்போகும். திரும்பத் திரும்ப இவற்றைச் சரிசெய்ததில் தெரிந்துகொண்டது, முக்கால்வாசிச் சிக்கல்களின் வேர் ஊரில் உட்கார்ந்து போட்ட திட்டத்தில் இருக்கிறது என்பதுதான். அதனால் பெரிய சிக்கல்களுக்கு மலையில் என்ன செய்வது என்பதோடு, அடுத்த திட்டத்தில் எதை மாற்றுவது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

அறிகுறியைத் தேடி அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் எளிய காரணம் முதலில் வரும், ஆபத்தானதும் செலவு பிடிப்பதும் கடைசியில் வரும்.

தலை வலிக்கிறது

2,500 மீட்டருக்கு மேலே யாருக்குத் தலை வலித்தாலும், வேறு காரணம் உறுதியாகும் வரை அதை உயரத்தால் வந்த வலி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நினைப்போடு கீழே உள்ள கிளைகளில் எது பொருந்துகிறது என்று பாருங்கள்.

*தலை மட்டும் வலிக்கிறது, பசி இருக்கிறது, நடை சீராக இருக்கிறது*

முதல் சந்தேகம் தண்ணீர். குளிரில் தாகம் தெரியாது, காய்ந்த காற்றில் மூச்சு வழியாகவே நீர் போய்க்கொண்டிருக்கும். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போகிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். அடுத்தது காபி. தினம் மூன்று வேளை ஃபில்டர் காபி குடித்துப் பழகியவர் இரண்டு நாள் குடிக்காமல் இருந்தால் அதுவே தலையைப் பிளக்கும். அப்படிப்பட்டவர் பையில் இன்ஸ்டன்ட் காபி பொட்டலங்கள் இருப்பது நல்லது. அப்புறம் குல்லா இறுக்கமா, வெயிலில் வெறுந்தலையோடு நடந்தாரா, மதியம் சாப்பிடாமல் வந்தாரா என்று பாருங்கள்.

ஒரு லிட்டர் தண்ணீரை மெதுவாகக் குடிக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் சாப்பாடு, ஒரு பாராசிட்டமால், இரண்டு மணி நேரம் ஓய்வு. வலி போய்விட்டால் அன்று அங்கேயே தங்கலாம்.

*ஒரே கூடாரத்தில் இருப்பவர்கள் எல்லோருக்கும் வலிக்கிறது*

உடனே கூடாரத்தைத் திறந்து எல்லோரையும் வெளியே கொண்டுவாருங்கள். உள்ளே அடுப்பு எரிந்ததா, குளிருக்குக் கரி அங்கீட்டி (குளிர் காயும் கரி அடுப்பு) வைத்தார்களா என்று கேளுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்கிக்கொண்டிருப்பவர் தூக்கத்திலேயே போய்விடுவார். ஒருவர் மயங்கிக் கிடந்தால் அப்போதே உதவிக்கு ஆள் அனுப்ப வேண்டும். கூடாரத்துக்குள் நெருப்பு வேண்டவே வேண்டாம், எவ்வளவு குளிர் என்றாலும்.

*தலைவலியோடு குமட்டல், தலைசுற்றல், சோறு இறங்கவில்லை, அசதி*

இது உயர நோய். இதற்கு மருந்து, அதே இடத்தில் நின்றுவிடுவதுதான். அறிகுறி முழுதும் போகும் வரை ஒரு மீட்டர்கூட மேலே ஏறக் கூடாது. ஒரு நாள் தங்கியும் குறையவில்லை என்றாலோ, கூடுகிறது என்றாலோ இறங்குங்கள். பல நேரங்களில் 300 முதல் 1,000 மீட்டர் இறங்கினாலே ஆள் தெளிந்துவிடுவார்.

இங்கே உண்மையான தடை கூச்சம். தன்னால் குழுவின் பயணம் கெட்டுவிடக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டு படுப்பவர்கள் நிறைய. ஒரு முறை எங்கள் குழுவில் ஒருவர் மாலை முழுவதும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார், ரொட்டியை மட்டும் யாருக்கும் தெரியாமல் பக்கத்துத் தட்டுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். அதை ஒருவர் கவனித்ததால் தெரிந்தது. அன்றிலிருந்து இரவுச் சாப்பாட்டின்போது யார் எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று பார்ப்பதை என் வேலையாக வைத்துக்கொண்டேன். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டரைவிட அந்தத் தட்டை நம்புகிறேன். குளிர்ந்த விரலில் அந்த மீட்டர் தாறுமாறாகக் காட்டும். நல்ல எண் வந்துவிட்டது என்று அறிகுறியைத் தள்ளிவிடும் ஆபத்தும் உண்டு.

*நடை தள்ளாடுகிறது, பேச்சு குழறுகிறது, குழப்பமாக இருக்கிறார்*

ஒரு பாதத்தின் குதிகாலை மறு பாதத்தின் நுனியில் தொட வைத்து நேர்க்கோட்டில் பத்து அடி நடக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் மூளை வீங்க ஆரம்பித்துவிட்டது என்று பொருள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இரவானாலும் அப்போதே அவரைக் கீழே இறக்கிக் கொண்டுபோக வேண்டும், கூட ஆள் போக வேண்டும். தனியாக அனுப்பக் கூடாது, தூக்க மாத்திரையும் மதுவும் கொடுக்கக் கூடாது. குழுவில் மூளை வீக்கத்தைக் குறைக்கும் டெக்சாமெத்தசோன் மாத்திரை இருந்து, அதைப் பயன்படுத்தத் தெரிந்த வழிகாட்டியும் இருந்தால் கொடுக்கலாம். ஆனால் மாத்திரை கொடுத்தாயிற்று என்று இறக்குவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

*உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறது, இருமல், உதடு நீலம்*

ஏறும்போது எல்லோருக்கும் மூச்சு வாங்கும். பத்து நிமிடம் உட்கார்ந்த பிறகும் ஒருவருக்கு மட்டும் வாங்கினால் நுரையீரலில் நீர் கோக்கிறது என்று பொருள். படுத்தால் கூடும், இருமலில் இளஞ்சிவப்பு நுரை வரலாம். தலைவலி இல்லாமலேயும் இது வரும். முடிந்தால் அவரை நடக்கவிடாமல் தூக்கியோ குதிரையிலோ இறக்குங்கள், ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தால் கொடுங்கள். எவரெஸ்ட் அடிவார முகாமுக்குப் போகும் பாதையில் என்றால் பெரிச்சேயிலும், அன்னபூர்ணா சுற்றில் என்றால் மனாங்கிலும் இமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷனின் மருத்துவ நிலையங்கள் நடைப் பருவங்களில் திறந்திருக்கும். உங்கள் பாதையில் இப்படி எது, எங்கே இருக்கிறது என்பதைக் கிளம்பும் முன்பே வரைபடத்தில் குறித்துவையுங்கள்.

*அடுத்த திட்டத்தில்*

3,000 மீட்டருக்கு மேல் போன பிறகு, தூங்கும் இடத்தின் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் அதே உயரத்தில் தங்க வேண்டும். பகலில் எவ்வளவு ஏறினாலும் சரி, இரவு எங்கே படுக்கிறோம் என்பதுதான் கணக்கு. முகாம்களின் உயரத்தை வரிசையாக எழுதிக் கழித்துப் பாருங்கள், எந்த இரவில் தலைவலி வரும் என்று அந்தத் தாளே சொல்லும். உத்தராகண்டின் கேதார்காந்தா உச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நடை தொடங்கும் சாங்க்ரி கிராமம் சுமார் 1,950 மீட்டர், ஜூடா கா தாலாப் முகாம் சுமார் 2,700, உச்சிக்கு முந்தைய முகாம் சுமார் 3,400. இரண்டாவது இரவுக்கும் மூன்றாவது இரவுக்கும் நடுவே 700 மீட்டர் குதிக்கிறோம். அந்த முகாமில்தான் பலருக்கும் தலை வலிக்கிறது. நடுவில் ஒரு முகாம் கூட்டினால், அதாவது ஒரு நாள் கூடுதல் விடுப்பு எடுத்தால், பாதித் தொல்லை தீரும். விமானத்தில் நேராக லே போய் இறங்குபவர்கள் ஒரே மூச்சில் 3,500 மீட்டருக்கு வந்துவிடுகிறார்கள். அங்கே முதல் இரண்டு நாள் ஓய்வு மட்டும்தான்.

உயர நோயைத் தடுக்கப் போடும் டயமாக்ஸ் மாத்திரை பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். வழக்கமான முன்தடுப்பு அளவு 125 மில்லிகிராம், ஒரு நாளைக்கு இரண்டு வேளை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள், சிறுநீரகச் சிக்கல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. மற்றவர்களும் ஊரில் இருக்கும்போதே மருத்துவரிடம் பேசி, ஒரு மாத்திரை போட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இரவெல்லாம் குளிர், தூக்கமே இல்லை

குளிர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். படுத்தபடியே இடுப்புக்கும் முதுகுக்கும் கீழே கையை விட்டுப் பாருங்கள்.

*கீழேயிருந்து ஏறுகிறது*

மேட்தான் காரணம். ஸ்லீப்பிங் பேக்குக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு, கீழே யோகா மேட் விரிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். உடல் எடையில் பையின் அடிப்பக்கப் பஞ்சு நசுங்கிவிடும், அதற்குக் கீழே இருப்பது பனி. அந்த இரவுக்கு ரக்சாக், கயிறு, காலி சாக்குப்பை, உலர்ந்த துணி எல்லாவற்றையும் முதுகுக்குக் கீழே பரப்புங்கள். அடுத்த முறை ஆர் மதிப்பு (மேட் குளிரை எவ்வளவு தடுக்கும் என்ற அளவு) 4-க்குக் குறையாத மேட் வேண்டும். சாதாரண ஃபோம் மேட் ஒன்று ஏறக்குறைய 2 தரும். இரண்டை அடுக்கினாலும் மதிப்பு கூடிவிடும், செலவும் குறைவு.

*மேலேயிருந்து, எல்லாப் பக்கமும்*

முதல் காரணம் ஈரம். நடந்த உடையோடு உள்ளே நுழைந்தால் வியர்வை குளிராக மாறும். தூங்குவதற்கென்றே ஒரு ஜோடி தெர்மலும் ஒரு ஜோடி சாக்ஸும் பிளாஸ்டிக் பையில் தனியாக இருக்க வேண்டும், நடக்கும்போது அவற்றைத் தொடவே கூடாது. இரண்டாவது, குளிர்ந்த உடம்போடு படுத்தது. ஸ்லீப்பிங் பேக் சூடு உண்டாக்காது, இருக்கும் சூட்டைக் காக்கும், அவ்வளவுதான். படுக்கும் முன் பத்து நிமிடம் வேகமாக நடங்கள், நெய்யோ வேர்க்கடலையோ வெல்லமோ உள்ளே போகட்டும், இறுக்கமாக மூடிய வெந்நீர் பாட்டிலைத் தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீரை அடக்கிக்கொண்டு படுப்பதும் தூக்கத்தைக் கெடுக்கும், எழுந்து போய்விட்டு வந்துவிடுங்கள். மூன்றாவது, மூச்சின் ஈரம். பைக்குள் முகத்தைப் புதைத்துத் தூங்கினால் பஞ்சு நனையும். மூக்கும் வாயும் வெளியே இருக்கட்டும், கூடாரத்தின் மேல் காற்றுவழியைத் திறந்தே வையுங்கள்.

இவ்வளவும் சரி, இன்னும் குளிர்கிறது என்றால் பையே போதாது. லேபிளில் மூன்று எண்கள் இருக்கும். "கம்ஃபர்ட்" என்பதை மட்டும் பாருங்கள். "எக்ஸ்ட்ரீம்" என்பது உயிர் தப்பலாம் என்ற அளவு, தூங்குவதற்கான அளவு இல்லை. விற்பவர்கள் அந்த எண்ணைத்தான் பெரிதாக அச்சடிக்கிறார்கள். புதிதாக வாங்கும் முன் ஒரு பயணத்துக்கு வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிடலாம்.

நடுங்கிக்கொண்டிருந்தவர் நடுக்கத்தை நிறுத்திவிட்டார்

இதைத் தனித் தலைப்பாக வைத்ததற்குக் காரணம், பலர் இதை நல்ல அறிகுறி என்று நினைத்துவிடுவதுதான். நன்றாக நடுங்குபவரை நாமே சூடாக்கிவிட முடியும். நனைந்ததைக் கழற்றி உலர்ந்ததைப் போட்டு, காற்று படாத இடத்தில் மேட் மேல் உட்கார வைத்து, இனிப்பான சூடு பானம் கொடுங்கள்.

நடுக்கம் நின்று, பேச்சு குழறி, கையில் கொடுத்ததை நழுவவிட்டு, தூக்கம் வருகிறது என்று சொன்னால் நம் கையை மீறிவிட்டது. படுக்க வையுங்கள், நடக்கவிடாதீர்கள், கை கால்களைத் தேய்க்காதீர்கள். மார்பிலும் அக்குளிலும் துணி சுற்றிய வெந்நீர் பாட்டில் வைத்து, ஸ்லீப்பிங் பேக்கில் சுருட்டி, மேலே பிளாஸ்டிக் ஷீட் போர்த்துங்கள். முழு நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மீட்பு உதவியை அழையுங்கள். முரட்டுத்தனமாக அசைத்தாலே இதயம் தடுமாறக்கூடிய நிலை இது.

விரல் மரத்துப்போகிறது

முதலில் தளர்த்துங்கள். இறுக்கிக் கட்டிய லேஸ், ஒரே ஷூவுக்குள் இரண்டு ஜோடி தடித்த சாக்ஸ், மைக்ரோஸ்பைக்கின் (வழுக்காமல் இருக்க ஷூ மேல் மாட்டும் முள் சங்கிலி) ரப்பர் பட்டை, ட்ரெக்கிங் கம்பின் மணிக்கட்டு வார் என்று எதுவும் ரத்த ஓட்டத்தை நிறுத்தும். அடுத்து, கையுறை ஈரமா என்று பாருங்கள். அடுத்து, படம் எடுக்க எத்தனை முறை கழற்றினீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மெல்லிய உள்ளுறையைக் கழற்றாமலே போனைத் தொடப் பழகுங்கள்.

அடுத்தது நிறம். சிவந்து, குத்தலோடு உணர்வு திரும்புகிறது என்றால் பயமில்லை. அக்குளில் வைத்துச் சூடாக்குங்கள், கால் விரலென்றால் நண்பரின் வயிற்றில். பனியால் தேய்க்கும் பழைய வைத்தியம் தோலைக் கிழிக்கும், அது வேண்டாம். தோல் வெளுத்து மெழுகுபோல் கெட்டியாகி, அழுத்தினாலும் தெரியவில்லை என்றால் உறைபுண். 37 முதல் 39 டிகிரி வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் வைத்து இளக்குவதுதான் முறை. ஆனால் இளக்கிய விரல் மறுபடி உறைந்தால் சேதம் இரட்டிப்பாகும். இன்னும் ஒரு நாள் பனியில் நடந்துதான் கீழே போக வேண்டும் என்றால், இளக்காமல் உலர்வாகச் சுற்றிக்கொண்டு இறங்கி, கீழே போய் இளக்குங்கள். நெருப்பில் காட்ட வேண்டாம், உணர்வில்லாத விரல் வெந்துபோவது தெரியாது. கொப்புளமோ கறுப்போ தெரிந்தால் நேராக மருத்துவமனைக்குப் போங்கள், கொப்புளத்தை உடைக்காதீர்கள்.

காலையில் ஷூ கல்லாகிவிட்டது

ராத்திரி வெளியே விட்டதுதான் காரணம். பிளாஸ்டிக் பையில் போட்டு ஸ்லீப்பிங் பேக்கின் கால்மாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். மறந்துவிட்டால், லேஸை முழுதாக அவிழ்த்து, உள்ளே வெந்நீர் பாட்டிலைச் செருகி கால் மணி நேரம் விடுங்கள். பகலில் மேல்வழியாகப் பனி உள்ளே போகிறது என்றால் கெய்ட்டர் (ஷூவின் வாயையும் பேன்ட்டின் அடியையும் மூடும் உறை) இல்லை, அல்லது அதை பேன்ட்டுக்குள் போட்டிருக்கிறீர்கள்.

அடுப்பு எரியவில்லை, தண்ணீர் உறைந்துவிட்டது

சுடர் சிறுத்து அணைகிறது என்றால் சிலிண்டரைக் குலுக்குங்கள். உள்ளே திரவம் இருக்கிறது என்றால் குளிர்தான் காரணம். பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரிக்குச் சற்றுக் கீழே ஆவியாவதை நிறுத்திவிடும். சிலிண்டரை ஜாக்கெட்டுக்குள் கால் மணி நேரம் வைத்திருந்து எடுங்கள், எரியும்போது வெதுவெதுப்பான நீருள்ள தட்டத்தில் நிறுத்துங்கள். சுடரில் காட்டிச் சூடாக்காதீர்கள். ஐசோபியூட்டேன், புரோப்பேன் கலந்த சிலிண்டர் குளிரில் மேல். எரிவாயு சிலிண்டரை விமானத்தில் கொண்டுபோகவே முடியாது, ஆகவே டேராடூனிலோ காட்மாண்டுவிலோ அதை வாங்க அரை நாள் திட்டத்தில் இருக்க வேண்டும். காலை ரயிலில் இறங்கி நேரே ஜீப்பில் ஏறும் திட்டங்கள் இந்த இடத்தில்தான் உடைகின்றன.

குழாய் வைத்த தண்ணீர்ப் பை பனியில் வேலைக்கு ஆகாது, குழாய்தான் முதலில் உறையும். அகன்ற வாய் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள். மேல்பக்கம்தான் முதலில் உறையும் என்பதால் மூடிப் பக்கம் திறந்தே இருக்கும்.

கண்ணில் மணல் போட்டதுபோல் உறுத்துகிறது

பகலில் கண்ணாடி போடாமல் நடந்தவருக்கு மாலையிலோ இரவிலோ வரும். புதுப்பனி சூரியனின் புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும், மேகமூட்டமான நாளிலும் அடிக்கும். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றுங்கள், ஈரத்துணியால் கண்ணை மூடி இருட்டில் வையுங்கள், தேய்க்காதீர்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் சரியாகும். அதற்கு மேல் போனாலோ பார்வை மங்கினாலோ கண் மருத்துவர்தான். ஓரம் மூடிய, கேட்டகரி 4 (மிக அடர்ந்த நிறமுள்ள) கண்ணாடி குழுவுக்கு ஒன்று உபரியாக வேண்டும். ஒருவராவது கண்ணாடியின் மேல் உட்கார்ந்துவிடுவார்.

மணி பன்னிரண்டு ஆகிறது, உச்சி இன்னும் தூரத்தில் இருக்கிறது

தாமதமாகக் கிளம்பினீர்களா? உறைந்த கூடாரத்தை மடிக்கவும் பனியை உருக்கி நீராக்கவும் ஆகும் நேரத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. நான் எழுந்ததிலிருந்து நடக்கத் தொடங்கும் வரை இரண்டு மணி நேரம் வைக்கிறேன். பை கனமா? குழுவில் மெதுவாக நடப்பவர் கடைசியில் தனியாக வருகிறாரா? அவரை முன்னால் விடுங்கள், அவர் வேகம்தான் குழுவின் வேகம். புதுப்பனி முழங்கால் அளவா? அப்படியானால் கோடைக்காலக் கணக்கு இரண்டு மடங்காகும், சில நேரம் மூன்று மடங்கு. கிலோமீட்டரை வைத்துத் திட்டம் போட்டவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். மணி நேரத்தை வைத்துப் போடுங்கள்.

திரும்பும் நேரத்தை முந்தைய இரவே எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட வேண்டும். எங்கள் குழுவுக்குப் பகல் பன்னிரண்டு. உச்சி நூறு மீட்டரில் தெரிந்தாலும் பன்னிரண்டுக்குத் திரும்புவோம். டிசம்பரில் அங்கே ஐந்தரைக்கு இருட்டத் தொடங்கிவிடும். பகலில் இளகிய பாதை அதற்கு முன்பே கண்ணாடிபோல் உறைந்திருக்கும்.

பனி கொட்டுகிறது, பாதை தெரியவில்லை

வந்த கால்தடம் இன்னும் தெரிகிறதா? தெரிந்தால் அப்போதே அதன் வழியே திரும்புங்கள், அரை மணி நேரத்தில் அது மூடிவிடும். தெரியவில்லை, ஆனால் கூடாரமும் உணவும் கையில் இருக்கின்றன என்றால் பெரிய சரிவுகளின் அடியிலிருந்து விலகி, மரங்களின் ஓரம் கூடாரம் போட்டுத் தங்குங்கள். கூடாரத்தின் மேல் சேரும் பனியை இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை தட்டிவிட வேண்டும்.

மழை நின்று வெயில் அடித்ததும் பாதுகாப்பு என்று நினைப்பது நம் ஊர்ப் பழக்கம். பனியில் கனத்த பொழிவுக்கு அடுத்த ஒன்றிரண்டு நாட்கள்தான் சரிவுகள் அதிகம் இடியும். 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த திறந்த சரிவுகள்தான் பெரும்பாலும் இடிகின்றன. காலடியில் "வும்" என்று பனி அமுங்கும் சத்தம், காலிலிருந்து ஓடும் விரிசல், பக்கத்துச் சரிவில் புதிதாக இடிந்த தடம் என மூன்றில் ஒன்று தெரிந்தாலும் திரும்புங்கள். இதற்கு மேல் முடிவெடுக்கப் பயிற்சி பெற்ற மலை வழிகாட்டி வேண்டும், நண்பர்கள் குழு கூடிப் பேசி எடுக்கும் முடிவு இது இல்லை.

2014 அக்டோபர் 12 அன்று ஹுட்ஹுட் புயல் விசாகப்பட்டினத்தில் கரையைக் கடந்தது. அதன் மிச்சம் வடக்கே போய் இரண்டே நாளில் நேபாளத்தின் அன்னபூர்ணா பகுதியில் பனிப்புயலாகக் கொட்டியது. 5,416 மீட்டர் உயரத் தொரோங் லா கணவாய்ப் பாதையிலும் சுற்றுப்புறத்திலும் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அக்டோபர் அங்கே தெளிவான வானத்துக்குப் பேர்போன மாதம். வங்கக் கடலில் புயல் என்ற செய்தியைக் கேட்டால் நாம் சென்னையைத்தான் நினைப்போம். இமயத்துக்குக் கிளம்புபவர் அந்தச் செய்தியை மலைக்கும் சேர்த்துக் கேட்க வேண்டும். இந்திய வானிலைத் துறையின் மாவட்ட முன்னறிவிப்பையும், குளிர்காலத்தில் பாதுகாப்புத் துறையின் ஆய்வு நிறுவனமான டி.ஜி.ஆர்.ஈ. வெளியிடும் பனிச்சரிவு எச்சரிக்கையையும் கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள். திட்டத்தில் ஒரு நாளைச் சும்மா விட்டு வையுங்கள். திரும்பும் விமானச் சீட்டு மறுநாள் காலைக்கு என்று இருந்தால், மோசமான வானிலையிலும் கணவாயைக் கடக்க மனம் உந்தும்.

போன் செத்துவிட்டது, யாரையும் அழைக்க முடியவில்லை

பெரும்பாலும் பேட்டரி தீரவில்லை, குளிர்ந்திருக்கிறது. உடலோடு ஒட்டி அரை மணி நேரம் வைத்துவிட்டு ஆன் செய்து பாருங்கள். பகலில் உள்சட்டைப் பையில், இரவில் ஸ்லீப்பிங் பேக்குக்குள், பவர் பேங்கும் அப்படியே. ஏரோபிளேன் மோடில் வையுங்கள், கிடைக்காத சிக்னலைத் தேடியே சார்ஜ் தீரும். ஹெட்லேம்புக்கு லித்தியம் செல்கள் குளிரைத் தாங்கும்.

போன் இயங்கினாலும் சிக்னல் இருக்காது என்றே திட்டமிடுங்கள். அதற்குத் தீர்வாகச் சிலர் சாட்டிலைட் போன் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். இந்தியாவில் உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பது குற்றம். மிச்சமிருப்பது காகிதம். எந்த முகாமிலிருந்து எத்தனை மணி நேரம் நடந்தால் சிக்னல், எந்தக் கிராமத்தில் சாலை, எந்தச் சோதனைச் சாவடியில் வயர்லெஸ் என்று உள்ளூர் வழிகாட்டியிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சிக்னல் கிடைத்தால் 112. காப்பீட்டில் ஹெலிகாப்டர் மீட்பு இருக்கிறதா, எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும் என்பதைப் பணம் கட்டும் முன் படித்துவிடுங்கள். இருக்கிறது என்றாலும் மோசமான வானிலையில் ஹெலிகாப்டர் பறக்காது, இரவில் வரும் என்றும் நம்ப முடியாது.

வீட்டில் ஒருவரிடம் ஒரு தாள் கொடுத்துவிட்டுப் போங்கள். அதில் எந்தெந்த இரவு எந்த முகாம், வழிகாட்டியின் எண், கிளம்பும் கிராமத்தின் பெயர், அந்த மாவட்டப் பேரிடர் மேலாண்மை அலுவலகத்தின் எண், குழுவில் யாருக்கு என்ன மருந்து ஒத்துக்கொள்ளாது என்பது இருக்கட்டும். கடைசி வரியில், "இந்தத் தேதி இரவு எட்டு மணிக்குள் என்னிடமிருந்து அழைப்பு வராவிட்டால் முதலில் வழிகாட்டிக்கும், பிறகு மாவட்ட அலுவலகத்துக்கும் போன் செய்யவும்" என்று தெளிவாக எழுதுங்கள். என் தாள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும். சாங்க்ரிக்கு இறங்கி வந்ததும் அம்மாவுக்குப் போன் செய்த பிறகுதான் அது கிழிக்கப்படும்.